சேற்று நிலம் வீண் நிலமா?

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில், நிலம் முடிந்து கடல் தொடங்கும் ஓர் இடம் உண்டு. அதன் பெயர் தஞ்சோங் பியாய். ஆசியக் கண்டத்தின் பெருநிலப்பரப்பு தெற்கே முடிவடையும் முனை அதுவே. அங்குச் செல்லும் பயணிகளுள் பலர், பலகை நடைபாதையில் விரைந்து நடக்கின்றனர், முனையைக் குறிக்கும் அடையாளச் சின்னத்தின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், பிறகு திரும்பிவிடுகின்றனர். நடைபாதையின் இரு புறமும் இருப்பதை நின்று பார்ப்பவர் குறைவு. அங்கிருப்பது சேறு. சேற்றில் கால் ஊன்றி நிற்பவை மரவேர்கள். வேர்களுக்கிடையே ஓடி ஒளிபவை நண்டுகள். "வெறும் சேறுதானே!" என்னும் சொல்லோடு அந்தக் காட்சி மறக்கப்படுகிறது.

அந்தச் சொல்லை எளிதாக எடுத்துக்கொள்வதற்கில்லை. ஒரு நிலத்தை 'வெறும் சேறு' என்று மக்கள் அழைக்கத் தொடங்கினால், அதனைத் தூர்ப்பதற்கோ நீரை வடிப்பதற்கோ குப்பை கொட்டுவதற்கோ எவரும் தயங்கமாட்டார்கள். வீண் என்று பெயரிட்ட பொருளை யார்தாம் காப்பார்? ஆனால், சேற்று நிலம் வீண் நிலம் அன்று. ஜொகூரில் எஞ்சியுள்ள ஈரநிலங்களைக் கலைக்காமல் காப்பதும், அவற்றைப் பொதுமக்கள் கண்டு கற்பதற்கு முறையாகத் திறந்து வைப்பதும் மேம்பாட்டுக்குத் தடையாகா. அவை மேம்பாட்டின் ஒரு பகுதியே ஆகும்.

ஈரநிலம் என்றால் என்ன? ஆண்டு முழுவதுமோ சில மாதங்கள் மட்டுமோ ஆழமில்லாத நீர் தேங்கி நிற்கும் நிலம் ஈரநிலம் எனப்படும். சதுப்பு ஏரி, தாழ்நிலக் காடு, ஆற்றுக் கழிமுகம், அலை வந்து போகும் கடலோரச் சேற்றுத் திட்டு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இத்தகைய நிலங்களைக் காப்பதற்காக 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஓர் அனைத்துலக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நாளே இன்று உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. மலேசியாவில் முதன்முதலாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது பகாங் மாநிலத்தின் தாசேக் பெரா ஏரியாகும். அது 1994ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதன்பின் 2003ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், ஜொகூரின் மூன்று ஈரநிலங்கள் ஒரே நாளில் அப்பட்டியலில் இடம்பெற்றன. சுங்கை பூலாய் 9,126 ஹெக்டர், பூலாவ் குக்குப் 647 ஹெக்டர், தஞ்சோங் பியாய் 526 ஹெக்டர் பரப்புடையவை. மூன்றும் சேர்ந்து பத்தாயிரம் ஹெக்டருக்குச் சற்று மேல். உலகமே மதித்துப் பட்டியலிட்ட நிலத்தை உள்ளூரில் 'வெறும் சேறு' என்று அழைப்பது பொருத்தமாகுமா?

இந்நிலங்களின் முதல் பயன் உணவு. சேற்றில் என்ன உணவு என்று கேட்கத் தோன்றலாம். கண்டல் மரத்தின் இலை உதிர்ந்து சேற்றில் விழுகிறது. நண்டும் நத்தையும் அதனைக் கடித்துச் சிறு துண்டுகளாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அத்துண்டுகளை மட்கச் செய்கின்றன. மட்கிய பொருளை இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் உண்கின்றன. பின்னிக் கிடக்கும் வேர்களுக்குள் பெரிய மீன்கள் நுழைய இயலாததால் அக்குஞ்சுகள் அங்கே அச்சமின்றி வளர்கின்றன. வளர்ந்தபின் அவற்றுள் பல கடலுக்குச் செல்கின்றன. கடலில் வலை வீசும் மீனவரின் வருவாய்க்கு வித்து கரையோரச் சேற்றில்தான் இருக்கிறது. காட்டை அழித்தவுடன் மீன் குறைவதில்லை. சில ஆண்டுகள் கழித்தே குறைகிறது. அதனால்தான் காரணமும் விளைவும் பலருக்குத் தொடர்பில்லாதவைபோலத் தோன்றுகின்றன.

குக்குப் மீனவர் கிராமம் இதற்கு நல்ல சான்று. நீரின்மேல் கால்கள் நட்டுக் கட்டப்பட்ட வீடுகளுக்கும் கடலுணவுக்கும் பெயர்பெற்றது அக்கிராமம். அதன் எதிரே, மக்கள் குடியிருப்பு எதுவுமின்றிப் பசுமையாகக் கிடக்கிறது பூலாவ் குக்குப் தீவு. முழுவதும் கண்டற்காடு நிறைந்த இத்தீவு, அலையின் வேகத்தைத் தான் தாங்கிக்கொண்டு கரையிலுள்ள கிராமத்தையும், நீரிணையில் மிதக்கும் மீன் வளர்ப்புக் கூண்டுகளையும் காக்கிறது. நீர்நாய்களும் பழந்தின்னி வௌவால்களும் நீண்டவால் குரங்குகளும் இங்கு வாழ்கின்றன. மலாய்மொழியில் 'பூரோங் போத்தாக்' எனப்படும், மொட்டைத் தலையுடைய பெரிய நாரையும் இங்குக் காணப்படுகிறது. அலை வடிந்த சேற்றில் துடுப்புகளை ஊன்றித் தாவும் 'பெலாச்சாக்' மீனைக் கண்டு வியக்காத சிறுவர் இலர். மீன் நிலத்தில் நடக்கும் காட்சியை எந்தத் திரையரங்கும் இவ்வளவு நேரில் காட்டிவிடாது.

இச்சேற்றுக்கு வெளிநாட்டு விருந்தினரும் உண்டு. சைபீரியா, அலாஸ்கா போன்ற குளிர்ப் பகுதிகளிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கரைப்பறவைகள் பறந்து செல்கின்றன. பல்லாயிரம் கிலோமீட்டர் நீளும் அந்த வான்வழியில் மலேசியக் கடலோரச் சேற்றுத் திட்டுகளும் அடங்கும். நெடுஞ்சாலையில் செல்லும் வாகனத்திற்கு எண்ணெய் நிலையம் எப்படியோ, களைத்து இறங்கும் பறவைக்குப் புழுவும் சிறு நத்தையும் நிறைந்த சேறு அப்படி. வழியிலுள்ள நிலையங்களுள் ஒன்று மூடப்பட்டாலும் பயணம் தடைப்படக்கூடும். ஜொகூரில் ஒரு சேற்றுத் திட்டு மறைந்தால், அதன் இழப்பு பல நாடுகளுக்கு உரியது.

ஈரநிலத்தின் இரண்டாவது பயன் நீரோடு தொடர்புடையது. ஜொகூரின் மேற்குக் கரையில் பயணம் செய்பவர், பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என ஊர்ப்பெயர்களை அடுத்தடுத்துக் காணலாம். 'பாரிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வடிகால் என்பது பொருள். நீர் தேங்கிய சதுப்பில் வடிகால் வெட்டி, நிலத்தை உலர்த்திப் பயிரிட்ட மக்களின் உழைப்பை அப்பெயர்கள் இன்றும் சொல்கின்றன. தென்னையும் பாக்கும் பின்னர் செம்பனையும் அந்நிலத்தில் விளைந்தன. பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட உழைப்பு அது. அதனைக் குறை கூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

எனினும், அந்த மண்ணின் இயல்பை இன்றுள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். மேற்கு ஜொகூரின் பல பகுதிகளில் இருப்பது சாதாரண மண் அன்று. அது முற்றா நிலக்கரி மண். மலாயில் இதனைத் 'தானா கம்புட்' என்பர். நீரில் மூழ்கிய இலைகளும் கிளைகளும் முழுமையாக மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து உருவானது அது. பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நீரை ஏந்தும். வறண்ட காலத்தில் சிறிது சிறிதாக விடும். வடிகால் வெட்டி நீரை இறைத்துவிட்டால் அப்பஞ்சு சுருங்குகிறது. காற்றுப் பட்டவுடன், பல்லாண்டுகளாக மட்காதிருந்தவை மட்கத் தொடங்குகின்றன. நிலம் தாழ்கிறது. மேற்கு ஜொகூரில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, வடிக்கப்பட்ட இத்தகைய நிலம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தாழ்வதைக் காட்டியது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு அதுவே ஒரு மீட்டர். நிலம் தாழத் தாழ, மழைநீர் தானாக ஆற்றுக்கோ கடலுக்கோ வடிந்து செல்வது கடினமாகிறது.

இயற்கை இந்த மண்ணைச் சேர்க்கும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஓர் ஆண்டில் இழப்பதை மீண்டும் பெற இருபது ஆண்டுகள் வேண்டும் என்பதே இதன் பொருள். வரவைப்போல் இருபது மடங்கு செலவு செய்யும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

ஜொகூர் மக்கள் வெள்ளத்தின் கொடுமையை நன்கு அறிவார்கள். 2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலும் 2007ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலும் பெருவெள்ளம் அடுத்தடுத்து வந்தது. கோத்தா திங்கி நகரம் சில வார இடைவெளியில் இரண்டு முறை நீரில் மூழ்கியது. மாநிலம் முழுவதும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் வெள்ளம் வந்தது. அப்போது பத்து பகாட் மாவட்டத்தின் பல இடங்களில் மழை ஓய்ந்த பின்னும் நீர் விரைவில் வடியவில்லை. மக்கள் வாரக்கணக்கில் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. இவ்வெள்ளங்களுக்குப் பெருமழையே முதற்காரணம். ஈரநிலம் இருந்திருந்தால் வெள்ளமே வந்திராது என்று கூறுவது மிகையாகும். ஆனால், பெய்த மழை எங்கே தங்குவது என்னும் கேள்விக்கு விடை வேண்டும். தாழ்நிலத்தில் தங்க இடமில்லாத நீர், வீட்டுக்கூடத்திலும் வகுப்பறையிலும் வந்து தங்குகிறது. புத்தகங்களைக் கூரைக்கருகே தூக்கி வைத்துவிட்டு வெளியேறிய மாணவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நீர் குறைந்தாலும் இம்மண்ணால் தொல்லை உண்டு. காய்ந்துபோன நிலக்கரி மண் எளிதில் தீப்பிடிக்கும். தீ மேலே தெரியாமல் மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே பரவும்; அணைப்பது மிகக் கடினம். 2015ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் சதுப்பு நிலங்களில் எரிந்த தீயின் புகைமூட்டம் மலேசியாவின் பல மாநிலங்களில் பள்ளிகளை மூட வைத்தது. உலக நிலப்பரப்பில் இம்மண் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே. ஆயினும், உலகக் காடுகளிலுள்ள மரம் செடிகள் அனைத்திலும் இருப்பதைவிட அதிகக் கரிமம் இதில் அடங்கியுள்ளது. நிலம் ஈரமாக இருக்கும்வரை அக்கரிமம் பூட்டிய பெட்டியில் இருப்பதுபோல் இருக்கும். உலர்த்துவது அப்பெட்டியைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது பயன் பாதுகாப்பு. கண்டற்காட்டுக்குத் தமிழில் அலையாத்திக் காடு என்றொரு பெயர் உண்டு. அலையின் சீற்றத்தை ஆற்றுவதால் அப்பெயர் பெற்றது என்பர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, தமிழ்நாட்டின் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்கள், திறந்த கடற்கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைந்த பாதிப்போடு தப்பின. அதே நாளில் மலேசியாவின் பினாங்கு, கெடா மாநிலங்களிலும் உயிர்கள் பறிபோயின. அதன்பின் மலேசிய அரசாங்கமும் கடலோரங்களில் கண்டல் மரங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது. பிச்சாவரத்துக்கு அருகிலுள்ள சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு மரம். அதே மரம் மலேசியக் கடலோரங்களிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் மலாயில் அதற்குப் 'பூத்தா பூத்தா' என்று பெயர். சேற்றில் வளரும் ஒரு மரத்தின் பெயரை ஒரு புகழ்பெற்ற திருத்தலத்துக்கே சூட்டிய தமிழ் மரபில், சேற்று நிலம் இழிவாகக் கருதப்படவில்லை. நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் நாட்டின் அரண்களாக எண்ணியவர் திருவள்ளுவர்.

இனி, மறுப்பவர்களின் கருத்தையும் கேட்பதே முறை. "மாநிலம் வளர வேண்டும், துறைமுகம் வேண்டும், தொழிற்பேட்டை வேண்டும், இளைஞர்களுக்கு வேலை வேண்டும். பறவைக்கும் நண்டுக்கும் நிலத்தை ஒதுக்கிவிட்டால் மனிதர் எங்கே செல்வது?" என்று அவர்கள் கேட்கின்றனர். இது நியாயமான கேள்வி. சுங்கை பூலாய் கழிமுகத்தில் அமைந்துள்ள தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கிறது. அத்துறைமுகம் இல்லாத ஜொகூரை இன்று எண்ணிப் பார்ப்பதே கடினம். அதே கழிமுகத்தில்தான் கடற்புல் வெளிகளும், அவற்றில் வாழும் கடற்குதிரைகளும் உள்ளன. கப்பல்கள் எழுப்பும் அலைகளும் எண்ணெய்க் கசிவும் கரையரிப்பும் தஞ்சோங் பியாய்க் காட்டுக்கு அச்சுறுத்தலாக இருந்து வருகின்றன.

ஆகவே, துறைமுகமா சேற்று நிலமா என்பதன்று கேள்வி. இருப்பவற்றுள் எதனைத் திரும்பப் பெற முடியும், எதனைப் பெற முடியாது என்பதே கேள்வி. தொழிற்பேட்டையை வேறோர் இடத்தில் கட்டலாம். கட்டடத்தை இடித்து மீண்டும் எழுப்பலாம். ஐயாயிரம் ஆண்டுகள் படிந்த மண்ணை எந்த ஒப்பந்ததாரரும் ஐந்து ஆண்டுகளில் உருவாக்கித் தரமாட்டார். கண்டல் மரங்களை மீண்டும் நடலாமே என்று சிலர் கூறுவர். நட்டுத்தான் பார்க்கிறார்கள். அலை ஏறும் உயரமும் சேற்றின் தன்மையும் பொருந்தாத இடங்களில் நட்ட கன்றுகள் அலையோடு போய்விடுகின்றன. இருக்கும் காட்டைக் காப்பதே நடுவதைவிட எளிது, செலவும் குறைவு. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் முதுமொழி இங்குச் சாலப் பொருந்தும்.

காலம் கடந்து விழித்துக்கொண்டதற்குச் சென்னை மாநகரம் ஒரு பாடம். அந்நகரின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உள்ளது. ஆழமில்லாத நீரும் கோரைப்புல்லும் பறவைகளும் நிறைந்து, முன்பு ஐயாயிரம் ஹெக்டருக்கும் மேலாகப் பரந்து கிடந்தது. 'வீண் நிலம்' என்று கருதப்பட்டதால் அங்குக் குப்பைமேடு எழுந்தது, சாலைகள் போடப்பட்டன, கட்டடங்கள் உயர்ந்தன. முடிவில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே எஞ்சியது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, அச்சதுப்பு நிலத்தின் அருமையைப் பலரும் பேசினர். 2022ஆம் ஆண்டில் எஞ்சிய பகுதி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மதிப்பு உணரப்பட்டது நல்லதே. ஆனால், இழந்த ஒன்பது பங்கை அந்த மதிப்பு திருப்பித் தரவில்லை. ஜொகூருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மற்றொரு தரப்பினர் வேறு விதமாக வாதிடுகின்றனர். "காப்பது சரி, ஆனால், பொதுமக்களை ஏன் உள்ளே விட வேண்டும்? மக்கள் வந்தால் குப்பை வரும், இரைச்சல் வரும், வேலி போட்டுப் பூட்டிவிடுவதே மேல்" என்பது அவர்களின் கருத்து. இதிலும் உண்மை இல்லாமல் இல்லை. நெகிழிப் பையை வேர்களுக்கிடையே வீசிச் செல்வோர் இருக்கின்றனர். குரங்குகளுக்கு ரொட்டியும் நொறுக்குத்தீனியும் கொடுத்து, அவை மனிதரிடம் பிடுங்கித் தின்னும் நிலைக்குப் பழக்கப்படுத்துவோரும் இருக்கின்றனர். கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக ஒளிர்கின்றன. பளிச்சிடும் விளக்கொளி பட்டால் அவற்றின் ஒளிப்பேச்சு குலைந்துவிடும். அவற்றின் குஞ்சுகள் ஆற்றங்கரைச் சேற்றிலுள்ள நத்தைகளைத் தின்று வளர்பவை. மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையை வெட்டினால், மின்மினி இல்லாத மரம்தான் மிஞ்சும்.

எனினும், பூட்டிவிடுவது தீர்வாகாது. கண்ணால் காணாத ஒன்றின்மீது மக்களுக்குப் பற்று ஏற்படுவதில்லை. பற்றில்லாத நிலம் பறிபோகும்போது குரல் கொடுக்க எவரும் இருக்கமாட்டார்கள். காவலரையும் வேலியையும்விட வலிமையான காப்பு, அருகில் வாழும் மக்களின் அன்பே. இதற்குத் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் புகலிடம் சான்றாகும். அங்குள்ள ஆழமில்லாத கண்மாய்களுக்கு ஆண்டுதோறும் பறவைகள் வருகின்றன. அவை அஞ்சிப் பறந்துவிடும் என்பதால் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசில்லாத தீபாவளியைச் சிறுவர்களும் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார்கள். சட்டத்தால் மட்டும் வந்த கட்டுப்பாடு அன்று அது. பறவைகளை அன்றாடம் கண்டு பழகியதால் வந்த பரிவு.

மலேசியாவிலும் அத்தகைய உறவைக் காணலாம். தாசேக் பெரா, ஆழம் குறைந்த சதுப்பு ஏரி. இலைகளும் வேர்களும் ஊறியதால் அதன் நீர் கருந்தேநீர்போல் காட்சியளிக்கும். நீர் ஓரங்களில் தாழையினச் செடிகளும் கோரைகளும் அடர்ந்திருக்கும். அங்குச் செமெலாய் என்னும் பூர்வக்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். எந்தப் பருவத்தில் நீர் உயரும், எந்த மீன் எங்கே முட்டையிடும், எந்த மரத்தின் பிசின் எதற்கு உதவும் என்பன அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடங்கள். ஏரியைக் காணவரும் பயணிகளைப் படகில் அழைத்துச் சென்று காட்டுவதும் அவர்களுள் சிலருக்குப் பிழைப்பாகியுள்ளது. ஏரி நலமாக இருந்தால்தான் அவர்கள் வாழ்வும் நலமாக இருக்கும். இவ்வாறு, அருகில் வாழ்வோரின் வாழ்வாதாரத்தோடு இணையும் பாதுகாப்பே நிலைத்து நிற்கும்.

எனவே, வேண்டியது வரம்போடு கூடிய திறப்பு. சேற்றை மிதிக்காமல் செல்லப் பலகை நடைபாதை போதும். காட்டின் நடுவே தார்ச்சாலை தேவையில்லை. ஒரு நாளில் எத்தனை பேர் என்னும் கணக்கு இருக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் சில பகுதிகளை மூடிவைக்கலாம். வழிகாட்டும் பணியில் உள்ளூர் மக்களுக்கு முதலிடம் தரலாம். அறிவிப்புப் பலகைகள் "செய்யாதீர்" என்று மட்டும் சொல்லாமல், ஏன் செய்யக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கு ஜொகூரில் ஏற்கெனவே பயிரிடப்பட்டுள்ள நிலக்கரி மண்ணில், வடிகால்களின் நீர்மட்டத்தைத் தேவைக்கு மேல் தாழ்த்தாமல் காத்தால் நிலம் தாழும் வேகத்தைக் குறைக்கலாம். விவசாயிக்கும் அதனால் நன்மையே. இவை எல்லாம் கோடிகளைக் கொட்டிச் செய்ய வேண்டிய பணிகள் அல்ல. எண்ணத்தை மாற்றிக்கொண்டால் செய்யக்கூடியவை.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பிப்ரவரி 2ஆம் நாள் பல பள்ளிகளில் கவனிக்கப்படாமலே கடந்துவிடுகிறது. அந்நாளை ஒட்டி, அறிவியல் கழகமும் தமிழ்மொழிக் கழகமும் இணைந்து மாணவர்களை ஓர் ஈரநிலத்துக்கு அழைத்துச் செல்லலாம். அங்கு ஒரு மணி நேரம் அமைதியாக நின்று, கண்ட உயிர்களின் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் எழுதிவரச் சொல்லலாம். பெயர் தெரிந்த உயிர், முகம் தெரிந்த அண்டைவீட்டாரைப் போன்றது. அதன் துன்பம் எளிதில் கண்ணுக்குத் தப்பாது. பயணம் செல்ல இயலாத பள்ளிகள், தங்கள் ஊரின் வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு வரைபடம் வரையலாம். அந்தக் கோடு பெரும்பாலும் ஏதேனும் ஒரு தாழ்நிலத்திலோ கழிமுகத்திலோதான் சென்று முடியும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வீசப்பட்ட நெகிழிக் குவளை எங்குச் சென்று சேர்கிறது என்பதையும் அந்த வரைபடமே சொல்லிவிடும்.

உலக அளவில் 1970ஆம் ஆண்டுக்குப்பின் ஈரநிலங்களில் பெரும் பகுதி மறைந்துவிட்டது. காடுகளைவிட மூன்று மடங்கு வேகத்தில் அவை குறைந்து வருகின்றன. காடு அழிந்தால் புகையும் வெட்டுமரமும் கண்ணில் படும். சேற்று நிலம் அழிவதோ எவர் கண்ணிலும் படுவதில்லை. ஒரு லாரி மண், பின்னர் இன்னொரு லாரி மண் என்று சத்தமில்லாமல் அது தூர்ந்துபோகிறது. வீண் என்னும் சொல்லே அந்த முதல் லாரிக்கு வழி திறந்துவிடுகிறது. அச்சொல்லைக் கைவிடுவதிலிருந்துதான் பாதுகாப்பு தொடங்க வேண்டும்.

தஞ்சோங் பியாயில் நாள்தோறும் அலை ஏறுகிறது, பின்னர் வடிகிறது. வடிந்த நேரத்தில் நடைபாதையில் சற்று நின்று பார்க்கும் மாணவர், வளையிலிருந்து வெளியே வரும் நண்டையும், சேற்றில் தாவும் பெலாச்சாக் மீனையும், அதனை நோக்கி மெல்ல அடியெடுத்து வைக்கும் கொக்கையும் ஒரே இடத்தில் காணலாம். அப்படிக் கண்டு திரும்பும் ஒருவர், அடுத்த முறை எவரேனும் "வெறும் சேறுதானே" என்று சொன்னால், "இல்லை" என்று சொல்லத் தயங்கமாட்டார்.